செயலி எழுதுவோரின் பதிவேடு யார் கையில்?

ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியை நிறுவ வேண்டுமானால், அதை எழுதியவர் முன்கூட்டியே தம் சட்டப்படியான பெயர், வீட்டு முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தன்னிடம் ஒப்படைத்து அடையாளத்தை மெய்ப்பித்திருக்க வேண்டும் என்று கூகுள் நிறுவனம் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அரசு வழங்கிய அடையாள அட்டையின் படியையும் அது கேட்கும். அமைப்பாகவோ நிறுவனமாகவோ பதிவு செய்வோர், டன் அண்டு பிராட்ஸ்டிரீட் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம் வழங்கும் டன்ஸ் எண்ணையும் பெற்றிருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளிலும், 2027 முதல் படிப்படியாக ஏனைய நாடுகளிலும் இந்த விதி நடைமுறைக்கு வரும் என்பது கூகுளின் திட்டம். இந்தியா அந்த ஏனைய நாடுகளின் வரிசையில் நிற்கிறது.

இது பிளே ஸ்டோர் என்னும் கூகுளின் சொந்தக் கடைக்கான விதி மட்டுமாயிருந்தால் நாம் தலையங்கம் எழுத வேண்டிய தேவை எழுந்திராது. தன் கடையில் சரக்கு வைப்பவரின் பெயரைக் கடைக்காரர் கேட்பது வழக்கம்தான். கடைக்கு வெளியே, ஒருவர் தாமே எழுதித் தம் இணையதளத்தில் வைத்த செயலிக்கும், ஒரு தோழர் மற்றொரு தோழருக்கு நேரடியாக அனுப்பும் செயலிக்கும், வேறு கடைகளில் கிடைக்கும் செயலிக்கும் இந்த விதி பொருந்தும் என்பதே செய்தி. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தொகுப்புப் பெயரும் ஒரு கையொப்பத் திறவுகோலும் உண்டு. அவ்விரண்டையும் கூகுளின் பதிவேட்டில் சேர்க்காத செயலியை, கூகுளின் சான்று பெற்ற கைபேசிகள் ஏற்க மறுக்கும். நம் நாட்டில் புழங்கும் திறன்பேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டில் இயங்குபவை.

கடையைத் தவிர்த்து நேரடியாக நிறுவும் முறைக்கு ஆங்கிலத்தில் சைட்லோடிங் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பக்கவழியாக ஏற்றுதல் என்று பொருள். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இத்தகைய சொற்களை அப்படியே தமிழில் இறக்கிவிடக் கூடாது. நம் வீட்டுக் கணினியில் நாம் விரும்பிய மென்பொருளை நிறுவுவதை யாரும் பக்கவழி என்று சொன்னதில்லை. அதற்கு நிறுவுதல் என்றுதான் பெயர். கூகுளின் கடைவாசலே தலைவாசல், மற்றதெல்லாம் கொல்லைப்புறம் என்ற எண்ணத்தைச் சொல்லிலேயே ஏற்றி விற்கிறார்கள். இக்கட்டுரையில் நேரடி நிறுவல் என்ற சொல்லையே கையாள்கிறோம்.

கூகுள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. பிளே ஸ்டோரில் கிடைப்பதைவிட இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படும் செயலிகளில் தீங்குநிரல்கள் 50 மடங்குக்கு மேல் இருப்பதாகத் தனது ஆய்வு காட்டுகிறது என்கிறது. ஆய்வை நடத்தியதும் கூகுளே, அதன் முடிவால் பயனடைவதும் கூகுளே. ஆயினும் இந்த அபாயம் கற்பனை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போக்குவரத்து அபராதம் கட்டவில்லை என்றும், உழவர் உதவித்தொகைப் பட்டியல் என்றும், திருமண அழைப்பிதழ் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து, வங்கிக் கணக்கில் இருந்ததை எல்லாம் இழந்தோர் நாடெங்கும் உள்ளனர். பாதுகாப்புப் படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோரின் குடியிருப்பாக உருவான ஐதராபாத்தின் சைனிக்புரி போன்ற பகுதிகளில், ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்று என்ற பெயரில் வரும் தூண்டில்களே போதும். வாழ்நாள் சேமிப்பு ஒரு பிற்பகலில் போய்விடும். இழப்பவர்கள் உழைப்பாளி மக்கள். ஆகவே, எந்தச் சரிபார்ப்பும் வேண்டாம் என்ற வெற்றுச் சுதந்திரவாதம் நம்முடையது அன்று. இந்தச் சரிபார்ப்பு திருடனைப் பிடிக்குமா, அதிகாரத்தை யார் கையில் சேர்க்கும் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதற்கேள்விக்கு விடை தேட இதே ஐதராபாத்தின் அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. 2020 டிசம்பரில் தெலங்கானாவை உலுக்கிய உடனடிக் கடன் செயலிகளின் கொடுமையைத் தோழர்கள் மறந்திருக்க முடியாது. ஊரடங்கில் வேலையிழந்தவர்களுக்குச் சில ஆயிரம் ரூபாயை ஒரு வாரத் தவணையில் கொடுத்து, கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் உருவிக்கொண்டு, உறவினர் முன்னிலையில் அவமானப்படுத்தி வசூலித்தார்கள். பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஐதராபாத், சைபராபாத் காவல்துறையினர் அழைப்பு மையங்களைச் சோதனையிட்டுக் கைது செய்தனர். 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழுவை அமைத்தது. 80க்கும் மேற்பட்ட செயலிக் கடைகளில் இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று அக்குழு கண்டறிந்தது.

இந்தச் செயலிகள் எங்கிருந்து வந்தன? கொல்லைப்புறத்திலிருந்து மட்டுமா? 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500க்கும் மேற்பட்ட கடன் செயலிகளையும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மேலும் 2,200க்கும் மேற்பட்டவற்றையும் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்தே நீக்கியது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு இது. அவை பதிவுக்கட்டணம் செலுத்திக் கணக்குத் தொடங்கியவர்கள், கூகுளின் பரிசீலனையைக் கடந்து, கூகுளின் தலைவாசல் வழியாகக் கொண்டுவந்த செயலிகள். அந்நாளில் அடையாளச் சோதனை இவ்வளவு கடுமையாக இல்லை என்று கூகுள் சொல்லக்கூடும். இக்கடன் கும்பல்கள் நடத்திய நிறுவனங்களோ அரசின் நிறுவனப் பதிவாளரிடமே பதிவு பெற்றவை. பான் எண், கையொப்பம், முகவரி என எல்லாம் கொடுத்த இந்திய இயக்குநர்கள் அவற்றுக்கு இருந்தார்கள். சிறு தொகைக்குத் தம் ஆவணங்களைக் கொடுத்துப் பெயரளவுக்கு இயக்குநர் ஆனவர்களே அவர்களுள் பலர் என்பதைப் பின்னர் நடந்த விசாரணைகள் வெளிக்கொணர்ந்தன. அரசின் பதிவேட்டுக்கே பினாமி கிடைத்த நாட்டில் கூகுளின் பதிவேட்டுக்குக் கிடைக்காதா?

வங்கிக் கணக்குத் தொடங்க அடையாள ஆவணம் வேண்டும், சிம் அட்டை வாங்க அடையாள ஆவணம் வேண்டும். ஆயினும் ஒவ்வொரு இணைய மோசடியிலும் பணம் இறங்குவது முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கில்தான். அழைப்பு வருவதும் முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஒரு சிம் அட்டையிலிருந்துதான். அந்தக் கணக்கின் உரிமையாளர் யார் என்று பார்த்தால், ஐயாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு தன் பெயரை வாடகைக்கு விட்ட வேலையற்ற இளைஞர் வருகிறார். கல்லூரி மாணவர் வருகிறார். எங்கே கையெழுத்திட்டோம் என்றே அறியாத கட்டடத் தொழிலாளி வருகிறார். சிறைக்குப் போவது அவர்கள். கும்பலின் தலைகள் மியான்மரிலும் கம்போடியாவிலும் இருக்கும். நாளை செயலி எழுதுவோர் கணக்குக்கும் இப்படி ஒரு வாடகைச் சந்தை உருவாகும். சரிபார்க்கப்பட்டது என்ற முத்திரையோடு வரும் அச்செயலியை மக்கள் இன்னும் எளிதாக நம்புவார்கள் என்பது கூடுதல் ஆபத்து.

திருடனிடம் பெயர் கேட்டால் வாடகைப் பெயர் ஒன்றைத் தருவான். உண்மைப் பெயரைத் தர வேண்டியவர் வேறு ஆள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அச்சகங்களும் இதழ்களும் பெயரைப் பதிவு செய்த வரலாறு நமக்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட்டின் முன் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். அச்சான தாளிலும் பெயரும் இடமும் இருக்க வேண்டும். 2024இல் புதிய சட்டம் வரும்வரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அச்சட்டம் நீடித்தது. இடதுசாரி இதழ்கள் அனைத்தும் அந்த வரியைத் தாங்கியே வெளிவந்தன. அதன் விலை என்னவென்று தமிழகம் அறியும். 1908இல் 'இந்தியா' இதழின் மீது வெள்ளை அரசு பாய்ந்தபோது, சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் கைதாகித் தண்டனை பெற்றார். அவ்விதழில் எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போனார். பதிவேடு என்பது முதலில் யாரைத் தேடி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதற்கும் முன், 1878இன் வட்டார மொழி இதழ்கள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வங்காளம் போன்ற மொழிகளில் அச்சிடுவோர் பிணை கட்ட வேண்டும்; மாஜிஸ்திரேட்டின் முடிவே இறுதி; அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல இயலாது. ஆங்கில ஏடுகளுக்கு அச்சட்டம் இல்லை. நாடு முழுதும் எழுந்த எதிர்ப்பால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. கூகுளின் விதி இந்த இரண்டில் எதனைப் போன்றது? முதலாவது, எவ்வளவு கொடியதாயினும், சட்டம். விவாதிக்க ஓர் அவையும், முறையிட ஒரு மன்றமும் பின்னாளில் கிடைத்தன. கூகுளின் பதிவேட்டிலிருந்து ஒருவரின் பெயர் நீக்கப்பட்டால் அவர் முறையிட வேண்டிய இடமும் கூகுள்தான். குற்றம் சாட்டுபவரும் விசாரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. விமான நிலையத்தில் பயணியின் அடையாள அட்டையைப் பார்ப்பது போன்றதுதான் இது என்று கூகுள் ஓர் உவமை சொல்லியிருக்கிறது. விமான நிலையத்தில் அட்டையைப் பார்ப்பவர் சட்டத்தால் அமர்த்தப்பட்ட காவலர். விமான நிறுவனங்களுள் ஒன்றின் உரிமையாளர் வாசலில் நின்றுகொண்டு, போட்டி நிறுவனத்தின் பயணிகளையும் தானே சோதிப்பேன் என்று சொல்வதில்லை.

ஆண்ட்ராய்டு எப்படி வளர்ந்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதன் அடித்தளமான லினக்ஸ் கருநிரல் 1991 முதல் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் கூட்டுழைப்பால் எழுந்த பொதுச்சொத்து. அதன் மேல் கட்டிய ஆண்ட்ராய்டின் மூலநிரலையும் திறந்து வைத்ததால்தான் கைபேசி நிறுவனங்கள் அதை ஏற்றன. ஆப்பிளின் மூடிய கோட்டைக்கு மாற்று என்று இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஊர் மாடுகள் எல்லாம் மேய்ந்த புறம்போக்கில், புல் நன்றாக வளர்ந்த பிறகு, ஒருவர் வேலி போட்டுக் கதவு வைத்து, உள்ளே வர விரும்புவோர் பெயரை எழுதிவிட்டு வாருங்கள் என்கிறார். மாடுகள் களவு போகாமல் இருக்கத்தான் வேலி என்றும் சொல்கிறார். நிலத்தில் நடந்தால் இதற்கு என்ன பெயர் என்று நம் விவசாயத் தோழர்களுக்குத் தெரியும். செயலிக் கடையில் நடைபெறும் விற்பனையில் 15 முதல் 30 விழுக்காடு வரை கூகுள் எடுத்துக்கொள்ளும் தொகையும், உற்பத்தியில் ஈடுபடாமல் வாசலை உடைமையாக வைத்திருப்பதற்காகப் பெறும் வாரமே ஆகும். 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி, நௌக்ரி உள்ளிட்ட இந்தியச் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து நீக்கி, ஒன்றிய அரசு தலையிட்ட பின் சில நாட்களில் திரும்பச் சேர்த்தது. அவை பெருநிறுவனங்கள், அமைச்சரைத் தொலைபேசியில் அழைக்க முடிந்தது.

இத்தகைய வாசல் ஒன்று இருக்கும்போது அரசுகள் வாசற்காவலரைத்தான் முதலில் தேடி வரும். 2019இல் ஹாங்காங்கில் காவல்துறை நடமாட்டத்தைக் காட்டிய வரைபடச் செயலியை ஆப்பிள் நீக்கியது. 2021 செப்டம்பரில் ரஷ்ய அரசின் மிரட்டலால் எதிர்க்கட்சியின் தேர்தல் செயலியை ஆப்பிளும் கூகுளும் நீக்கின. 2025 அக்டோபரில், குடியேற்றக் காவலர்கள் எங்கே வேட்டையாடுகிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர்களை எச்சரித்த ஐஸ்பிளாக் செயலியை, டிரம்ப் ஆட்சியின் தலைமை வழக்குரைஞர் கேட்டுக்கொண்டதும் ஆப்பிள் நீக்கியது. அதுபோன்ற செயலிகளைக் கூகுளும் அகற்றியது. சனநாயகம், சர்வாதிகாரம் என்ற வேறுபாடு இங்கே பெரிதாகத் தென்படவில்லை. நம் நாட்டில் 2023 மே மாதம் பிரையர், எலிமென்ட் உள்ளிட்ட 14 செய்திச் செயலிகள் முடக்கப்பட்டன. அவற்றுள் சில கட்டற்ற மென்பொருள்கள். இணையம் துண்டிக்கப்பட்ட இடத்திலும் கைபேசிக்குக் கைபேசி செய்தி அனுப்பக்கூடியது பிரையர். காஷ்மீரைப் போல மாதக்கணக்கில் இணையம் முடக்கப்பட்ட மண்ணில் அதன் பயன் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இன்று கடையில் முடக்கினாலும் நேரடி நிறுவல் என்ற வழி எஞ்சியிருக்கிறது. கூகுளின் பதிவேட்டில் எழுதியவரின் வீட்டு முகவரியும் அடையாள அட்டையும் வந்துவிட்டால், செயலியை முடக்குவதோடு நில்லாமல் எழுதியவரின் வீட்டுக் கதவையும் தட்டலாம். 2025 நவம்பரில் சஞ்சார் சாத்தி செயலியை ஒவ்வொரு புதிய கைபேசியிலும் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று ஆணையிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று பின்வாங்கிய ஒன்றிய அரசு, இத்தகைய பதிவேடு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் வாளாவிருக்கும் என்று நம்ப நமக்குக் காரணம் இல்லை.

ஏகாதிபத்தியத்தின் கோணமும் உண்டு. கூகுள் அமெரிக்கச் சட்டத்துக்கும் அமெரிக்கத் தடை ஆணைகளுக்கும் கட்டுப்பட்ட நிறுவனம். 2019இல் ஹுவாவே நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்ததும் அதற்கான ஆண்ட்ராய்டுச் சேவைகளைக் கூகுள் துண்டித்தது. அதே ஆண்டில் ஈரான், சிரியா நாட்டு நிரலாளர்களின் கணக்குகளைக் கிட்ஹப் கட்டுப்படுத்தியது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைக் காரணம் காட்டி, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் திடீரென நிறுத்தியது. அந்நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பின்பே அவை திரும்பக் கிடைத்தன. இந்திய மண்ணில், இந்தியச் சட்டம் எதையும் மீறாத நிறுவனத்துக்கு நேர்ந்தது இது. எவர் எந்த நாட்டவர் என்ற அடையாளத்தோடு செயலி எழுதுவோர் அனைவரின் பட்டியலும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கையில் சேரும்போது, ஹவானாவில் இருந்து ஒரு மருத்துவச் செயலியை எழுதும் கியூப இளைஞரின் நிலை என்னவாகும்?

இதில் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்களும் உண்டு. ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவே கைபேசிச் செயலிக்குப் போன பின் இந்தக் கேள்வி பழையதாகிவிட்டது. உணவு விநியோகிக்கும் தொழிலாளி, வாடகைக் கார் ஓட்டுநர், வீட்டுச் சேவைப் பணியாளர் ஆகியோரின் முதலாளியே ஒரு செயலிதான். காரணம் சொல்லாமல் அடையாள எண்ணை முடக்கி வேலையைப் பறிப்பது என்ன என்பதை அவர்கள் நன்கறிவார்கள். முதலாளியின் செயலி மறைக்கும் கணக்கை, கூலியும் தூரமும் எவ்வளவு என்று தாமே பதிந்து ஒப்பிட்டுப் பார்க்கும் செயலி ஒன்றை நாளை ஒரு தொழிற்சங்கம் எழுதலாம். அதை எழுதித் தரும் இளைஞர் பெரும்பாலும் பகலில் அத்தகைய ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவராகவே இருப்பார். அவர் தம் பெயரை வெளியே சொல்ல இயலாது. அவருக்குத்தான் இந்த விதி.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு இது நேரடியான அடி. ஆதாய நோக்கமின்றி 2010 முதல் இயங்கும் எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியம், இவ்விதி நடைமுறைக்கு வந்தால் இன்றைய வடிவில் தன்னால் நீடிக்க இயலாது என்று 2025 செப்டம்பரிலேயே அறிவித்தது. நிரலை வெளிப்படையாக ஆராய்ந்து, தானே தொகுத்து வழங்கும் அமைப்பு அது. பயனர்களைக் கணக்குத் தொடங்கச் சொல்வதும் இல்லை. எதிர்ப்பின் விளைவாக 2025 நவம்பரில் கூகுள் சிறிது இறங்கிவந்தது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுவோருக்கும், குறைந்த எண்ணிக்கையிலான கைபேசிகளில் மட்டும் நிறுவத்தக்க எளிய கணக்கு ஒன்றும், ஆபத்தை அறிந்து ஏற்கும் அனுபவசாலிகளுக்குத் தனிவழி ஒன்றும் தருவதாகச் சொன்னது. போராடினால் பின்வாங்குவார்கள் என்பதற்கு இது அடையாளம். உரிமை சலுகையாகச் சுருங்கியதற்கும் இதுவே அடையாளம். அந்தத் தனிவழியை எத்தனை எச்சரிக்கைப் பலகைகளால் நிரப்புவது என்பதையும், எப்போது மூடுவது என்பதையும் கூகுளே தீர்மானிக்கும்.

இந்தியச் சட்டம் இதில் ஏற்கெனவே பேசியிருக்கிறது என்பதைப் பலரும் அறியார். 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டுச் சந்தையில் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அத்துடன் பிறப்பித்த கட்டளைகளுள் ஒன்று, நேரடி நிறுவல் வாயிலாகச் செயலிகளை வழங்குவதைக் கூகுள் எவ்வகையிலும் தடுக்கக் கூடாது என்பது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. நான்கு கட்டளைகளை நீக்கியது. நீக்கப்பட்ட நான்கில் இதுவும் ஒன்று. அபராதத்தைக் கட்டிவிட்டு வாசலை வைத்துக்கொள்ளலாம் என்று கூகுளுக்கு விளங்கியிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெரும் எண்ணியல் நிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் நோக்கில் 2024 மார்ச்சில் வெளியான எண்ணியல் போட்டிச் சட்ட வரைவையோ, பெருநிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின் ஒன்றிய அரசு கிடப்பில் போட்டுவிட்டது. தற்சார்பு பற்றி நாள்தோறும் முழங்கும் அரசு இது.

தற்சார்புக்கு ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது. சைனிக்புரியை ஒட்டியுள்ள ஈ.சி.ஐ.எல். சந்திப்பு, 1967இல் தொடங்கப்பட்ட எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தால் அப்பெயர் பெற்றது. அமெரிக்கக் கணினிகளுக்குக் கையேந்தி நிற்க வேண்டிய அந்நாளில், அங்கேதான் டி.டி.சி. வரிசைக் கணினிகளை நம் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். அதே நகரின் மறுகோடியில் 2025 ஜூனில் கூகுள் தன் பாதுகாப்புப் பொறியியல் மையத்தைத் திறந்தபோது, மாநிலக் காங்கிரஸ் அரசின் முதல்வரே சென்று வரவேற்றார். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான பாரோஸ் இயங்குதளத்தை 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சர்கள் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மக்கள் கையிலுள்ள கைபேசிகளில் அதைக் காணோம்.

மோசடிக்குத் தீர்வு வேண்டாமா என்றால், வேண்டும். பணத்தைத் தொடும் செயலிகளை, கடன், பணப்பரிமாற்றம், பங்கு வணிகம் ஆகியவற்றை நடத்துபவற்றை, அந்தந்தத் துறையின் பொது ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்த வேண்டும். கடன் செயலிகளின் பொதுப்பட்டியல் ஒன்றை ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்டிருப்பது சரியான திசை. அது ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு வங்கிக் கிளையின் சுவரிலும் இருக்க வேண்டும். பணம் போய் இறங்கும் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கி, இழப்பில் பங்கேற்க வேண்டும்; அப்போதுதான் வாடகைக் கணக்குகள் குறையும். செயல்பாட்டைப் பார்த்துக் கட்டுப்பாடு விதிப்பது ஒன்று; எழுதுகிறவர் எல்லோரையும் முன்கூட்டியே வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்பது வேறொன்று. கணக்குப் பார்க்கும் ஒரு சங்கச் செயலிக்கும், தமிழ் அகராதி ஒன்றை எழுதும் ஆசிரியருக்கும் கலிபோர்னியாவின் அனுமதி தேவையில்லை.

நேரடி நிறுவலைத் தடுக்கலாகாது என்ற போட்டி ஆணையத்தின் கட்டளை மீண்டும் உயிர்பெற வேண்டும். இந்தியாவில் 2027க்குள் இவ்விதி இறங்கும் முன்பே, அதை ஆதிக்க நிலையின் தவறான பயன்பாடாகக் கருதி ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடங்க வேண்டும். போட்டிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நாடாளுமன்றத்தில் உள்ள நம் உறுப்பினர்கள் எண்ணியல் போட்டிச் சட்ட வரைவின் நிலை என்ன என்று எழுத்துவழிக் கேள்வி எழுப்ப வேண்டும். ஐதராபாத்தில் ஸ்வேச்சா போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புகளும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள அவற்றின் தோழமை அமைப்புகளும் பல ஆண்டுகளாக இத்துறையில் உழைத்து வருகின்றன. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களும் செயலிவழித் தொழிலாளர் சங்கங்களும் அவர்களோடு ஒரே மேசையில் அமர வேண்டிய நேரம் இது. பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் என்ன நடக்கிறது என்பதை அந்நாட்டுத் தொழிற்சங்கங்களிடமிருந்தே கேட்டறியலாம். விதி நம் வாசலுக்கு வருமுன் அவர்களின் அனுபவம் நம் கையில் இருக்கும்.